கொளஞ்சிநாதனும் பாதியில் நின்ற மிஷினும்

கொளஞ்சிநாதனுக்குக் காதுதான் சொத்து. நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓரமாக நடந்து நடந்தே தலை நரைத்தவர். பெல்ட்டுக்கு அடியில் கணக்கில்லாத உருளைகள் சுற்றும். அதில் ஒன்றுக்கு பேரிங் போய்க் கிறீச்சிட ஆரம்பித்தால், அத்தனை இரைச்சலிலும் இவர் நின்றுவிடுவார். கையை நீட்டுவார். அந்த உருளைதான் போயிருக்கும். ஷிப்டில் எல்லாரும் இவரைப் பாம்புச் செவி என்பார்கள். கண்ணகி மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள். உருளை முனகினால் கேட்கிற காதில், கடைக்குப் போய் வாங்க என்று பெண்டாட்டி சொல்வது மட்டும் எப்படி விழாமல் போகிறது என்பது அவளுடைய நெடுநாள் சந்தேகம்.

இவர் வீட்டில் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மிஷின் ஒன்று உண்டு. வீட்டு உபயோகத்துக்கான சின்ன மிஷின், ஆரஞ்சு நிறம். குவாட்டர்ஸ் என்றால் நெய்வேலியில் மரமில்லாத குவாட்டர்ஸ் ஏது? முன்னால் மா, பின்னால் பலா, கிணற்றடி முருங்கை, தெருவெல்லாம் தூங்குமூஞ்சி. வருஷம் தவறாமல் புயல் வேறு வந்து எட்டிப் பார்க்கும். அதனால்தான் வாங்கினார். வாங்கிய பிறகு அதைத் தொட்டில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மடியில் போட்டுக்கொண்டு, வட்ட அரத்தால் செயினின் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில் ராவுவார். காற்று வடிகட்டியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் துடைப்பார். இருமல் மருந்து மூடியில் ஆயிலை அளந்து பெட்ரோலில் கலப்பார். வேலை முடிந்தால் மிச்சப் பெட்ரோலை டேங்கில் விட்டுவைக்க மாட்டார், மொபெட்டுக்கு ஊற்றிவிடுவார். யார் கேட்டாலும் மிஷினை மட்டும் கொடுத்தனுப்ப மாட்டார். கூடவே தானும் போவார். பிளாக்கில் இவர் காபி குடிக்காத வீடு குறைவு.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சத மிஷினுக்கே மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கிறபோது, வீட்டு மிஷினுக்குக் குறை வைக்கலாமா? கழுவித் துடைத்துப் பலகை மேல் ஏற்றினார். கண்ணகி கைப்பிடிக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். பெட்ரோல் மூடிக்கும் நடுவில் வை என்றார் இவர். அது திறந்து மூடுகிற இடமாயிற்றே, எதற்கு என்று அவள் தயங்கினாள். மிஷினுக்கு வயிறே அதுதான், அங்கேதான் தாராளமாக வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அவளும் கட்டைவிரலால் அழுத்தி, எட்டணா அகலத்துக்கு அப்பிவிட்டாள். அதற்கப்புறம் மிஷினுக்கு வேலையே வரவில்லை.

மூன்று வீடு தள்ளி சைபுல்லா இருந்தார். அனல்மின் நிலையத்தில் வேலை. கார்த்திகை மாசத்தில் அவர் மகள் ஹுமாவுக்கு வடலூரில் மண்டபம் பிடித்து நிக்காஹ் வைத்திருந்தார்கள். அந்த வாரம் பார்த்துப் புயல் என்றார்கள். சைபுல்லா வீட்டுக் கேட்டுக்கு எதிரிலேயே கிழட்டுத் தூங்குமூஞ்சி ஒன்று சாய்ந்து நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கொளஞ்சிநாதன் டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவர் தோளில் கை போட்டு, விழுந்தால் விழட்டும் பாய், ஒரு மணி நேரத்தில் வழி விடுகிறேன், என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

மரத்துக்கு அது கேட்டிருக்க வேண்டும். நிக்காஹ் அன்று விடியும்போது கேட்டை அடைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. உள்ளே கல்யாணக் கார், சீர் ஏற்றிய வேன், சொந்தபந்தம் எல்லாம் அடைபட்டிருந்தன. மரம் அப்புறப்படுத்தும் ஆட்கள் மெயின் ரோட்டில் இருந்தார்கள், மத்தியானத்துக்கு முன்னால் வர வழியில்லை. கொல்லைக் கதவு வழியாக, சாக்கடைச் சந்தில் நடந்து போய் வேறு வண்டி பிடிக்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சைபுல்லாவின் மனைவி சித்தீகா அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார்.

"எம்பொண்ணு வாசல் வழியாதான் போவா. கொல்லப் பக்கமா அனுப்புறதுக்கா இத்தன வருசம் வளத்தேன்?"

கொளஞ்சிநாதன் மைன்ஸ் ஹெல்மெட், கண்ணாடி, கம் பூட் எல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மரத்தடியில் கிடந்த மின்கம்பியில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மூன்றாவது இழுப்பில் மிஷின் உறுமியது. கிளைகள் சடசடவென்று விழுந்தன, பிள்ளைகள் கை தட்டினார்கள், இவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மிஷின் முனகிக்கொண்டே நின்றது.

எதிர்வீட்டு செங்குட்டுவன், மிஷினுக்கும் டீ பிரேக் உண்டா அண்ணே என்று கேட்டான். இவர் காதில் வாங்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். இதுவோ காய்ந்து கிடந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தார். அரை டேங்குக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், ஓடியது. பிளக் துடைத்ததுதான் வைத்தியம் என்று நினைத்தார். இன்னும் நாலு கிளை போனதும் மறுபடி நின்றது. வடிகட்டியைத் தட்டினார், டேங்கைத் திறந்து பார்த்து மூடினார், இழுத்தார், ஓடியது. அடிமரத்தில் கையை வைத்தார். பாதி ஆழம் இறங்கியபோது மிஷின் மூச்சை விட்டது. செயின் மரத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். செங்குட்டுவன் இப்போது கேலி பேசவில்லை, கோடாலி எடுக்க ஓடினான். அந்த அடிமரத்தைக் கோடாலியால் பிளக்கச் சாயங்காலம் ஆகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். சைபுல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார்.

"விடுங்கண்ணே. நீங்க என்ன செய்வீங்க. நாங்க கொல்லப் பக்கமாவே போயிக்கிறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கொளஞ்சிநாதன் தாங்கியிருப்பார். அவர் தன்மையாகச் சொன்னதுதான் நெஞ்சில் குத்தியது. சொன்ன சொல் தெருவில் கிடக்கிறதே என்று அவமானமாக இருந்தது.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க பாய்" என்றார். பிறகு திரும்பி, கூடியிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் வாயை மூடச் சொன்னார்.

தெரு அடங்கியது. இவர் மண்டியிட்டு, காதை மிஷின் பக்கம் சாய்த்து, பெட்ரோல் மூடியை மெல்லத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். இவ்வளவு நேரமும் கூட்டத்தின் பேச்சில் அமுங்கிப்போன சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. டேங்க் மூச்சுத் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மிஷினை எழுப்பியது பிளக்கும் இல்லை, வடிகட்டியும் இல்லை, மூடியைத் திறந்ததுதான்.

டீ எடுத்து வந்த கண்ணகி பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"எண்ண டின்னுல ஒத்த ஓட்ட போட்டா இப்பிடித்தாங்க, முக்கி முக்கி ஊத்திட்டு நின்னுடும். இன்னொரு ஓட்ட போட்டாதான் எறங்கும். இதுக்கு அந்த ரெண்டாவது ஓட்ட எங்க?"

கொளஞ்சிநாதன் மூடியின் மேல்புறத்தைப் பார்த்தார். காற்று போக நடுவில் ஊசித்துளை இருக்க வேண்டிய இடத்தில், கல்லாகக் காய்ந்துபோன சந்தனம். அதன் மேல் குங்குமம். எட்டணா அகலம்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கச் சொன்னது யார் என்று இரண்டு பேருக்கும் நினைவிருந்தது. கண்ணகி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். இவர் சந்தனத்தைச் சுரண்டினார், துளையில் ஊக்கை விட்டு ஆட்டினார், வாயை வைத்து ஊதினார். காற்று போனது. கோடாலியோடு வந்த செங்குட்டுவன் மரத்தின் வெட்டுவாயில் ஒரு ஆப்பு அடித்துக் கொடுத்தான், செயின் விடுபட்டது.

அப்புறம் ஓடியது பாருங்கள் மிஷின்! நிற்கவே இல்லை. மரத்தூள் அவர் பூட்ஸ் மேல் குவிந்தது. அடிமரம் இரண்டாக விழுந்தபோது தெருவே திரண்டு வந்து உருட்டித் தள்ளியது. சைபுல்லாவே போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். கார் வாசல் வழியாக வெளியே வந்து, கொளஞ்சிநாதன் பக்கத்தில் நின்றது. ஹுமா கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, குளிச்சிட்டு வரேன்னு லேட் பண்ணிடாதீங்க. நீங்க வந்தாதான் எனக்குக் கல்யாணம்."

வேலை பர்மனென்ட் ஆன அன்றைக்குக்கூட அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்றார். கண்ணாடி போட்டிருந்த கண்ணில் தூள் எப்படி விழும் என்று யாரும் கேட்கவில்லை.

வடலூரில் பிரியாணிப் பந்தியில் செங்குட்டுவன் விடவில்லை. மிஷினில் என்னதான் கோளாறு என்று நச்சரித்தான்.

"மிஷின் மேல ஒண்ணும் தப்பில்ல. பக்தி கொஞ்சம் ஓவராயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

கண்ணகி ஊக்கைத் திருப்பிக் கேட்டாள். அவர் தரவில்லை. அது டூல் பாக்ஸில், அரத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவி, துளையில் சந்தனம் படாமல் மூடியில் கறுப்பு டேப் ஒட்டி, பலகை மேல் வைத்தார். கண்ணகி சந்தனக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் இரு என்று சொல்லிவிட்டு டூல் பாக்ஸைத் திறந்தார். அந்த ஊக்கை எடுத்து மிஷினுக்கு முன்னால் வைத்து, முதல் பொட்டு இதுக்கு வை என்றார்.