பட்டி பார்த்த விரிசல்

எங்கள் முதலாளிக்குப் போர்க்கப்பல் என்றால் டி.வி.யில் ஏவுகணை பறக்கிற பத்து விநாடிதான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். கடற்படையின் நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கு எப்போதோ சில பம்புகள் செய்து கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்குப் பம்பு விற்கப் போனாலும் நாட்டைக் காக்கிற பேச்சுத்தான். அவர் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், இடுப்பளவுக்கு.

நான் அந்தக் கப்பலின் இன்ஜின் அறையில் பதினோரு வருஷம் வெந்தவன். ஓய்வு பெற்று வந்து, இவரிடமே பம்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிறேன். கப்பலின் சரித்திரத்தை என்னைக் கேட்டால் சொல்வேன். கடற்கொள்ளைக்காரர்களுக்கு எதிராகக் காவல் என்று அரபிக் கடலில் மாதக்கணக்கில் வட்டமடித்தோம். புயலடித்த ஊருக்கு அரிசி இறக்கினோம். சண்டை நடந்த துறைமுகத்திலிருந்து கைக்குழந்தைக்காரர்களை ஏற்றிவந்தோம். அவர்கள் எடுத்த வாந்தியைக் கழுவினோம். மிச்ச நாளெல்லாம் துருவைச் சுரண்டினோம். ஏவுகணை பறந்ததை நான் பார்த்ததே இல்லை. கீழே இருந்தவனுக்குச் சத்தம்தான் வாய்த்தது.

போன வருஷம் கப்பல் பெரிய பராமரிப்புக்குப் போனபோது, அதன் பம்பு ஒன்று எங்களிடம் வந்தது. கப்பலுக்குள் கடல் புகுந்தால் இறைத்து வெளியே தள்ளுகிற பம்பு. அது கைவிட்டால், மற்றவர்களைக் காப்பாற்றக் கீழறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே மாட்டியவன் உள்ளேதான். அதன் ஆயுசு முழுக்க யார் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதிய புத்தகமும் கூடவே வந்தது. பம்பின் உடம்பில், விளிம்புக்குக் கீழே பச்சையாக உப்புக் கறை ஓடியிருந்தது. விரிசலாக இருக்கும் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அன்றைக்கு ஸ்பேனர் முதல் லேத்து வரை குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். முதலாளி ஒருபடி மேலே போய், எல்லாவற்றுக்கும் புது பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். பெயின்டருக்கு என்ன தெரியும்? என் வட்டத்தைத் துடைத்து, விரிசலுக்குப் பட்டி பார்த்து வழுவழுப்பாக்கி, மேலே சாம்பல் நிறம் அடித்துவிட்டான். காலையில் நான் வரும்போது பம்பு வாசலில் மாலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூ, பிழைப்பே என்று இருந்தது.

மூன்றாம் நாள் அதை அப்படியே அனுப்ப வேண்டுமாம். லாரி வந்து நிற்கிறதாம்.

"ஏனுங்க, நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துப்போடுங்க. கப்பல் என்ன நாளைக்கேவா முழுகப்போகுது?" என்றார் முதலாளி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், அதற்கு என் கையெழுத்தையும் கேட்டார். நான் பம்பைச் சோதனை மேடையில் ஏற்றினேன். அவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். சொல்லப்போனால் வேண்டுமென்றேதான் சொன்னேன். அழுத்தம் ஏற ஏறப் பெயின்ட் கொப்பளித்தது. பட்டி பெயர்ந்து, தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் பீச்சியடித்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அவர் துண்டால் துடைத்துக்கொண்டிருக்க, நான் புத்தகத்தை எடுத்தேன். இந்த லட்சணத்தை இத்தனை வருஷம் பார்க்காத குருடன் யார் என்று அவருக்கும் காட்டிவிடலாமென்று, பக்கங்களைச் சத்தம்போட்டுப் படித்தபடியே பின்னால் புரட்டினேன். கசிவு முன்போலவே, ஓட்டலாம். கசிவு முன்போலவே, ஓட்டலாம். ஆளுக்கு ஆள் முந்தினவனைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சோம்பேறிப் பயல்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

கசிவைப் பற்றி எழுதிய முதல் வரிக்கு வந்தேன். லேசான கசிவு, ஓட்டலாம். கீழே இருந்தது என் கையெழுத்து.

எனக்கு நன்றாக நினைவு வந்தது. பம்பைப் பிரித்துப் பார்த்தால் நாலு நாள் ஆகும். மறுநாள் எனக்கு ரயில்.

நான் படிப்பதை நிறுத்தியதும் முதலாளி எட்டிப் பார்த்தார். தினமும் அவர் பார்க்கிற கையெழுத்துத்தானே. பொங்கலுக்கு முந்தின வாரத்துத் தேதியும் பக்கத்திலேயே இருந்தது.

"லீவுக்குப் போற அவசரமுங்களா?" என்றார். கிண்டலே இல்லை. நிஜமாகவே புரிந்துகொண்டு கேட்டார்.

"ஆமாங்க. பொங்கலுக்கு."

அவர் தலையாட்டிவிட்டு, லாரிக்காரரைத் திருப்பி அனுப்பப் போனார். உடம்பில் விரிசல், உபயோகிக்கக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் எழுதினேன். எனக்குப் பிறகு அந்தக் கீழறையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். அது மட்டும் அன்றைக்குப் போட்ட மாதிரியே வந்தது.