செக்கரும் எலும்புக்கறியும்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர் செக்கர். அவர் ஓய்வு பெற்ற பிறகும் அவர் பார்வை ஓய்வு பெறவில்லை. பயணிகளின் சட்டைப்பையைத் துழாவிய கண் இப்போது மற்றவர் தட்டைத் துழாவியது. எவர் தட்டிலாவது சோறு குவிந்திருந்தால், ஓசிப் பயணியைப் பிடித்துவிட்டதுபோல உதட்டைச் சுழிப்பார்.

சர்க்கரை வந்ததும் அவர் பிடித்துக்கொண்டது எலும்புக்கறியை. ஆட்டெலும்பில் மிளகைத் தட்டிப்போட்டு, வேகவைத்துச் சுண்டவிடுவது. அவர் குடும்பத்தில் தலைமுறையாகச் செய்வது. சோறு கிடையாது, ரொட்டி கிடையாது. சர்க்கரையும் உண்மையிலேயே இறங்கித் தொலைத்தது. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை, மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"கறி சாப்பிடுங்க, தப்பில்ல. ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க. சர்க்கரையில பாதம் மரத்துப்போனா குத்தினதுகூடத் தெரியாது, தினமும் திருப்பிப் பாருங்க" என்றார் டாக்டர். முதல் பாதியை மட்டும் செக்கர் எடுத்துக்கொண்டார்.

"குளம்பைப் பாக்க நான் என்ன மாடா?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

"மாடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்" என்றாள் மனைவி. அவளுக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். எலும்பைக் கடித்து உடைத்து, உறிஞ்சி, சில்லுகளை மேஜைக்கடியில் துப்புகிற மனிதனை வேறெப்படிப் பார்ப்பது? எத்தனை முறை பெருக்கினாலும் ஒரு சில்லு தப்பிவிடும். அவர் வீட்டில் செருப்பும் போடமாட்டார்.

ஒருநாள் அவள் தம்பி சாப்பிட வந்தான். அவனுக்கும் சர்க்கரை. ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் குழம்பு, பக்கத்தில் கறி. முடித்ததும் மாத்திரையை எடுத்தான்.

"ஏன் மாப்ளே, மாத்திரையில ஓடுற உடம்பெல்லாம் ஒரு உடம்பா? எங்க தாத்தா மாத்திரையா போட்டாரு?"

"உங்க தாத்தா நாப்பதுலயே போய்ச் சேந்துட்டாரு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

செக்கர் வெடுக்கென்று எழுந்து கைகழுவப் போனார். வெள்ளைத் தரையில் அவருக்குப் பின்னால் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. குழம்பைச் சிந்திவிட்டார் என்று திட்டிக்கொண்டே துடைக்கக் குனிந்த அவள், துணியை முகர்ந்து பார்த்தாள். குழம்பு இல்லை.

அவரை உட்காரவைத்துக் காலைத் தூக்கினாள். உள்ளங்காலில் எலும்புச் சில்லு ஒன்று ஆழமாய்ப் புதைந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்து, சீழ் கோத்து, நாற்றம் எடுத்திருந்தது. இன்றைய கறியல்ல, போன வாரத்துக் கறி.

"ஆயுசு பூரா ஓசியில வந்தவனையெல்லாம் பிடிச்சீங்க. இது ஒரு வாரமா உங்க கால்லயே ஏறி ஊரைச் சுத்தியிருக்கு, பிடிச்சீங்களா?"

செக்கர் குனிந்து தன் பாதத்தையே பார்த்தார். உதடு சுழியவில்லை. தம்பி கையைக்கூடக் கழுவாமல் வண்டி பிடிக்க ஓடினான்.

"வலிக்கவே இல்லையே..." என்றார்.

இத்தனை வருடம் சேர்த்துவைத்த ஏச்செல்லாம் அவள் வாய்வரை வந்து நின்றுவிட்டது. பயமாக இருந்தது.

"வலிச்சிருந்தா கால் பொழைச்சிருக்கும்" என்றாள்.