மீண்டும் கட்டிலில்

வடிகுழாயை (சிறுநீர்ப்பையிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய்) எடுத்த அன்று மருத்துவமனை நடைவழியில் தும்மினேன். பேன்ட் நனைந்தது. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பி) அகற்றியவர்களுக்கு இது வழக்கம், பெரும்பாலும் குறைந்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தெரிந்திருப்பது வேறு, நனைவது வேறு.

அன்றே பாயை ஹாலுக்கு மாற்றினேன். முதுகுவலிக்குத் தரைதான் நல்லது என்று என் மனைவி கலாவிடம் சொன்னேன். உண்மையில் இரண்டு பயங்கள். ஒன்று ஈரம். மற்றொன்று, அவள் கை என்மேல் பட்டும் என் உடம்பு அசையாமல் கிடந்துவிடுமோ என்பது. புற்றுநோய் என்று அம்பத்தூர் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்ல முடிந்தது. இதைக் கலாவிடம் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அவளும் உள்ளே வந்தாள். இடுப்படித் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்துவது) செய்கிறேனா என்று மருத்துவர் கேட்டார். பிறகு, தாம்பத்தியம் எப்படி என்றார்.

"அதெல்லாம் வயசாயிடுச்சு டாக்டர்" என்றேன்.

"எனக்கு ஆகல" என்றாள் கலா.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். விறைப்புக்கான நரம்புகள் தேற ஒன்றிரண்டு வருடங்கள்கூட ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். மாத்திரையும் கருவியும் உண்டு. விறைப்பு இல்லாவிட்டாலும் தொடும் சுகம் போய்விடுவதில்லை என்றார். நான் கேட்கக் கூசியதையெல்லாம் கலாதான் கேட்டாள்.

திருமுல்லைவாயிலில் ரயிலை விட்டு இறங்கினோம். ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த மருந்துக்கடையில் அவள் ரப்பர் ஷீட் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கட்டில் முழுக்க விரித்தாள். என் பக்கம் மட்டும் போதுமே என்றேன்.

"அப்படிப் போட்டா அந்த ஓரத்துலயே சுருண்டுக்குவீங்க. போய்ப் பாயைச் சுருட்டி வைங்க. முதுகுவலியாம், முதுகுவலி."

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கசிவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. தும்மல் மட்டும் இன்னும் ஏமாற்றுகிறது. மாத்திரை சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. முன்பெல்லாம் உடம்பு முந்திக்கொண்டு ஓடும், நான் பின்னால் போவேன். இப்போது அது வரும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கலாவின் தலை என் தோளில் இருக்க, ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். ஒன்றும் நடக்கவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.