கதவைச் சாத்தினால் நிற்கும் மெஷின்

"மேடம், நீங்க வந்தா ஓடுது, போனா நிக்குது. பேசாம இங்கயே ஒரு சேர் போட்டு உக்காந்துக்குங்க."

பெங்களூர் பீன்யாவில் பாட்டில் மூடி செய்யும் ஃபேக்டரியின் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் நாகராஜ் இப்படிச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மூடிகளை எண்ணிப் பையில் போடும் மெஷினுக்கு எங்கள் சின்ன கம்பெனி செய்த முதல் கன்ட்ரோல் போர்டு அது. டிசைன் என்னுடையது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கழற்றி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆனால் எங்கள் முதலாளி இனிமேல் சொந்தமாக போர்டு செய்யவே விடமாட்டார்.

மதியத்துக்கு மேல் எண்ணிக்கை தவறும், மெஷின் நிற்கும். நான் போய், போர்டு இருக்கும் பேனல் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தால் சமர்த்தாக ஓடும். டாக்டரைக் கண்டதும் பறந்துபோகிற வயிற்றுவலி மாதிரி.

நான் இல்லாத நேரத்துக்கு நாகராஜ் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பேனல் கதவைத் திறந்துபோட்டு, எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன். அது பேக்கிங்கில் நிற்கும் சாவித்திரி அக்காவின் ஃபேன்.

"எனக்கு வேர்த்தா பரவால்ல, மெஷினுக்குத்தான் வேர்க்கக் கூடாதாம்," என்றார் அவர், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் வந்தால் ஓடுவது கதவு திறந்து சூடு வெளியே போவதால்தான். ஃபேனை நிறுத்தி, மீட்டர் ஒயரை இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே சூடு ஏற ஏற, மூடி எண்ணும் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளரின் அவுட்புட் வோல்டேஜ் முழுசாகக் கீழே இறங்காமல் பாதியில் தொங்கியது. மெஷின் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாகராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆப்டோகப்ளருக்குள் ஒரு சின்ன எல்.இ.டி.; எதிரே அதன் வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்யும் டிரான்சிஸ்டர். நடுவே ஒயர் கிடையாது. மெஷின் பக்கத்து வோல்டேஜ் கன்ட்ரோலர் பக்கம் தாண்டிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை வோல்ட் தாங்கும்? எங்கள் பர்ச்சேஸ் ரமேஷும் அதை மட்டும் கேட்டு, நான் சொன்ன கிரேடு ஸ்டாக் இல்லாததால் வேறு கிரேடு வாங்கியிருந்தார். வோல்டேஜ் சரிதான். ஆனால் உள்ளே கொடுக்கும் கரன்டுக்கு வெளியே எவ்வளவு வரும் என்கிற சி.டி.ஆர். அதில் குறைவு. சூட்டில் இன்னும் குறையும்.

நல்ல கிரேடைத் தேடி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடியிருக்கலாம். அடுத்த முறையும் ஸ்டாக் இல்லை என்றால்? மினிமம் சி.டி.ஆரை வைத்தே கணக்குப் போட்டு, அவுட்புட் பக்கத்து ரெசிஸ்டரைப் பெரியதாக மாற்றினேன். இனி குறைந்த கரன்டிலேயே அவுட்புட் முழுசாக இறங்கும்; சிக்னல்தான் கொஞ்சம் மெதுவாகும். மூடி எண்ண அது தாராளம்.

சனிக்கிழமை பேனலைப் பூட்டி ஓட்டினோம். மதியம் தாண்டியது, டீ டைமும் தாண்டியது, மெஷின் நிற்கவில்லை.

"சேர் வேணாம் மேடம், நீங்க கிளம்புங்க," என்று சிரித்தார் நாகராஜ்.

புதிதாக டிசைனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டேட்டாஷீட்டில் டிபிகல் என்று போட்டிருப்பது நல்ல நாளின் கணக்கு. மினிமத்தைப் பாருங்கள், அதையும் சூட்டில் பாருங்கள், கதவைச் சாத்திப் பாருங்கள். அன்று என் போர்டு பாஸ் ஆனதை எனக்கு எந்த ரிப்போர்ட்டும் சொல்லவில்லை. நாகராஜ் அந்த ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய் சாவித்திரி அக்கா பக்கம் திருப்பி வைத்தார்.