கொடை மாத்திரை

எங்கள் ஊர் மெடிக்கல் அண்ணாச்சிக்கு எந்தக் குடும்பத்து அம்மனுக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை கொடை என்று பூசாரிக்கு முன்பே தெரிந்திருக்கும். பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் தெரிவதில் நியாயம் உண்டு. மருந்துக் கடைக்காரருக்குக் கோவில் திருவிழாத் தேதி எதற்கு என்று சிறுவயதில் நான் யோசித்ததில்லை. கொடை என்றால் பந்தல், வில்லுப்பாட்டு, பொங்கல், மாத்திரை. அந்த வரிசையில்தான் நான் வளர்ந்தேன்.

இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில், ஒரு புறம் கடலும் மறு புறம் தென்னந்தோப்புமாக இருக்கும் ஊர். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டும். முக்கில் ஒரே ஒரு மெடிக்கல் இருந்தது. காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு, சேற்றுப்புண், காலில் ஏறிய மீன்முள் எதுவானாலும் அண்ணாச்சி அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டி, பேப்பரில் மடித்துத் தருவார். அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள். டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டாம், ரத்தம் எடு, படம் எடு என்று அலைக்கழிக்க மாட்டார், கையில் ராசி உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார். அந்தக் கடைசிக் குணத்தைத்தான் ஊர் அதிகமாக மெச்சியது.

அந்தக் கடை எங்களுக்குச் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து மருந்து தந்த மனிதர் அவர். சளிக்கும் காய்ச்சலுக்கும் இன்றும் நான் மெடிக்கலுக்குத்தான் போகிறேன். என் கோபம் வேறு. எது சின்ன வியாதி, எது பெரிய வியாதி என்பதை எங்கள் வீட்டில் வியாதி முடிவு செய்யவில்லை, ஆள்தான் முடிவு செய்தது. அப்பாவுக்கு நெஞ்சு கரித்தால் நாகர்கோவிலுக்குக் கார். சித்தப்பாவுக்கு முதுகு பிடித்தால் எக்ஸ்ரே. பசு தீவனம் எடுக்காவிட்டால் மாட்டு டாக்டர் வீட்டுக்கே வருவார். அம்மா, சித்தி, அப்பாவின் அக்காவான அத்தை ஆகிய மூவருக்கும் எது வந்தாலும் மெடிக்கல். அங்கும் அவர்கள் போவதில்லை. கடை வாசலில் ஆண்கள் நிற்பார்கள் என்பதால் சித்தப்பா போய், 'வீட்டுல உள்ளவியளுக்கு' என்று ஏதோ சொல்லி வாங்கி வருவார்.

கொடைக்குக் கொஞ்ச நாள் முன்பு அவர் கொண்டு வருவது தனிப் பொட்டலம். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, அத்தையின் கையில் கொடுப்பார். அத்தை அதை சாமிப் படங்களுக்குப் பின்னால் வைப்பாள். அதற்கு வீட்டில் கொடை மாத்திரை என்று பெயர். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை என்பது பின்னால் தெரிந்தது. அப்போது அதைக் கிட்டத்தட்ட பிரசாதம் என்றுதான் நினைத்திருந்தேன். இருந்த இடம் அப்படி.

அம்மாவும் எப்போதாவது தின்பாள். சித்திக்கு அது தவறாது. எங்கள் குடும்பக் கோவிலில் முதல் பொங்கல் பானையை வீட்டின் கடைசி மருமகள்தான் ஏற்ற வேண்டும், அது சித்தி. கொடைக்கு ஒரு முறை, ஆடிப் பொங்கலுக்கு ஒரு முறை, சித்தப்பா சபரிமலைக்கு மாலை போட்டால் அந்த விரதம் முடியும் வரைக்கும் என்று அவள் உடம்புக்கு மற்றவர்கள் தேதி குறித்தார்கள். இத்தனைக்கும் எங்கள் அம்மன் இசக்கி. வயிற்றுப் பிள்ளையோடு கொல்லப்பட்டு தெய்வமான பெண் என்றுதான் வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். அவளா ஒரு பெண்ணின் ரத்தத்தைப் பார்த்து முகம் சுளிக்கப்போகிறாள்?

சித்தி பூதப்பாண்டிக்காரி. வாய் ஓயாது. அத்தை நடப்பதையும் சித்தப்பா தும்முவதையும் செய்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். ஒரு நாள் அவள் அந்த மாத்திரையை வாயில் போடும்போது எனக்கும் ஒன்று கேட்டேன்.

"உனக்கு இப்பம் வேண்டாம் மக்கா. உனக்குன்னு ஒரு மாமியாரு எங்கயாம் இருப்பா. அவ கொண்டுவந்து தருவா," என்றாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், கொடை முடிந்து சில நாளில், சித்தியின் இடது கால் கடுக்கத் தொடங்கியது. பிறகு வீங்கியது. சித்தப்பா மெடிக்கலில் போய்ச் சொன்னார். பந்தலில் நாள் முழுக்க நின்றதில் நரம்பு சுருண்டிருக்கும் என்று அண்ணாச்சி ஒரு தைலமும் வலி மாத்திரையும் கொடுத்தார். எந்தக் கால், எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை தின்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அந்த வேறு மாத்திரையைக் கொடுத்தவரே அவர்தான். அத்தை தைலத்தைச் சுடவைத்துத் தேய்த்தாள். கால் வாழைத்தண்டு போல் பளபளவென்று ஆகி, சித்தி தரையில் ஊன்ற முடியாமல் அழுத பிறகுதான் கார் வந்தது. வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் கிளம்பியதால் என்னைத் தனியாக விட முடியாமல் ஏற்றிக்கொண்டார்கள்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர். சித்தியிடமும் 'வாங்க, படுங்க' என்று பேசினார். ஸ்கேன் பார்த்துவிட்டு, காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறது, நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். இந்த வயதில் சும்மா வராது என்றும் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்காங்களா? கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, அந்த மாதிரி?"

"அவளுக்கு அப்படியொரு பழக்கமும் கிடையாது," என்றாள் அத்தை.

சித்தி தலையைத் தூக்கினாள். வாய் திறந்தது. அந்த அறையில் அப்பா நின்றிருந்தார். கணவரின் அண்ணன் முன்னால் உரக்கச் சிரிக்கக்கூடாத வீட்டில் அவள் எதைச் சொல்லுவாள், எந்த வார்த்தையால் சொல்லுவாள்? அம்மாவைப் பார்த்தாள். அம்மா பிளாஸ்கின் மூடியை இறுக்கினாள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே நின்ற கார்களைப் பார்த்தார். சித்தி மறுபடி தலையணையில் சாய்ந்தாள்.

எனக்கு அது விளங்கவில்லை. கேள்விக்கு விடை இருந்தது. எல்லாருக்கும் எப்படி மறந்துபோயிற்று என்று ஆச்சரியமாக இருந்தது. நான் சொன்னேன்.

"சித்தி கொடை மாத்திரை தின்னாவளே."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அவர் ஊரில் கொடை என்றால் தானம். அம்மன் கோவில் திருவிழாவுக்கு அப்படியொரு பெயர் உண்டு என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

"கொடையா? யார் கண்ணு குடுத்தாங்க?"

"சித்தப்பா கொண்டு வருவாவ. எல்லா பொம்பளையளுக்கும் குடுப்பாவ."

"ஓ, இலவசமா எல்லாருக்கும் குடுக்கற சத்து மாத்திரைங்களா?" என்று சிரித்தபடி அவர் அப்பாவைப் பார்த்தார்.

"ஆமா டாக்டர், அதுதான். சத்து மாத்திரை," என்றார் அப்பா.

அறை முழுக்க மூச்சு விட்டது. டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அங்கே நின்ற என் வீட்டார் ஒவ்வொருவருக்கும் கொடை என்றால் என்னவென்று தெரியும். ஒரு குழந்தை தெளிவாகச் சொன்ன சொல், வெளியூர்க்காரர் காதில் வேறாக விழுந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். திருத்த ஒரு வாக்கியம் போதும். இசக்கிக்கு முதல் பானை ஏற்றியவள் மாத்திரை தின்று நாளைத் தள்ளிப்போட்டவள் என்பது வெளியே வருவதைவிட, கட்டியின் காரணம் கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பது அவர்களுக்குச் சின்ன விஷயமாக இருந்தது.

சித்தி ஊசியும் மாத்திரையுமாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். காலில் வீக்கம் முழுக்க வற்றவில்லை. பானை அன்று வடக்குப் பக்கம் பொங்கி வழிந்ததைப் பார்த்தபோதே தனக்குத் தெரியும் என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அம்மனுக்கு ஏதோ குறை. மெடிக்கல் வாசலிலும் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். அண்ணாச்சியும் இருக்கலாம் என்றாராம்.

குறையைத் தீர்க்க அடுத்த கொடைக்குச் சித்தியே பானை ஏற்ற வேண்டும் என்று முடிவானது. கறுப்புப் பை வந்தது. இந்தத் தடவை தான் விலகி இருந்துகொள்வதாகச் சித்தி சொன்னாள். அம்மாவை ஏற்றவிடச் சொல்லி அவள் அடுக்களையில் அத்தையிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

"மைனி, இதைத் தின்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இந்த ஒரு வருசம் அக்கா ஏத்தட்டுமே."

"போன வருசம் இசக்கியம்மா உன் காலைத்தான் பிடிச்சா. உயிரைப் பிடிக்க வச்சிராத," என்றாள் அத்தை.

சித்தி தின்றாள். பானை கிழக்கே பொங்கியது, எல்லாரும் குலவையிட்டார்கள். அடுத்த வாரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கொடிக்கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். கார் நாகர்கோவிலை எட்டுவதற்குள் இறந்துபோனாள். மாரடைப்பு என்று ஊர் முடிவு செய்தது. அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வந்து கடைசி வரை நின்றார். அவர் அழுதது உண்மையான அழுகை. அதற்கடுத்த கொடைக்கும் எந்த வீட்டுக்கு எந்தச் செவ்வாய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் மருத்துவக் கருவிகளைப் பற்றிப் படித்தேன். பயிற்சிக்காக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கால் வீங்கி வந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் மானிட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். குழித்துறைக்காரி நர்ஸ் ஒருத்தி திரையை இழுத்து மூடி, ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, குனிந்து கேட்டாள்: "கோவில் காரியத்துக்குத் தள்ளிப்போட மாத்திரை வல்லதும் தின்னியா? வீட்டுல யாருக்காவது இதுமாதி காலு வீங்கியிருக்கா?" அந்தப் பெண் உடனே ஆமாம் என்றாள். அவ்வளவு எளிதாக இருந்தது. நான் கையிலிருந்த ஒயரை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இந்த மாத்திரை தின்கிற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, மிகச் சிலருக்குத்தான். அந்தச் சிலரில் இவள் ஒருத்தியா என்று அறியத்தான் கேள்வி. சித்தியின் அம்மாவும் பிரசவத்துக்குப் பிறகு கால் வீங்கித்தான் இறந்தாள் என்பதைப் பூதப்பாண்டியில் எல்லாரும் அறிவார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்காதவர் என்றுதான் அண்ணாச்சிக்குப் பெயர்.

எனக்கு மிக அதிகமாகக் கோபம் வருவது சித்தி இறந்த நாளை நினைத்து அல்ல. அதற்கு முந்தைய வருடம், அவளை வார்டில் சேர்த்துவிட்டு நாங்கள் வெளியே வந்த சாயங்காலத்தை நினைத்து. அப்பா என்னை வடசேரியில் ஒரு குளிர்பானக் கடைக்கு அழைத்துப் போனார். கேட்காமலே ஐஸ்கிரீம் வந்தது, உயரமான கண்ணாடிக் கோப்பையில், மேலே முந்திரியோடு. சளி பிடிக்கும் என்று சர்பத்தைக்கூடத் தொடவிடாத அத்தை, என் வாயோரத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிள்ளைக்கு நல்ல புத்தி என்றார் சித்தப்பா. அம்மா மட்டும் எதுவும் வேண்டாமென்று உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர்கள் எல்லாரும் மறந்துபோன விடையை நான் சொல்லிவிட்டேன், டாக்டருக்கு விளங்கிவிட்டது, சித்தி பிழைத்துவிடுவாள், அதற்குத்தான் பரிசு என்று நினைத்தேன். இன்னொன்று வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டும் என்றேன்.