வெறுங்குழியில் ஒலித்த வில்லைகள்

குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைக்காதீர்கள். அன்று காலையிலிருந்து என் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. நடந்தது ராத்திரியிலும் இல்லை. குதிரைகளைக் காக்கும் எப்போனா அம்மனுக்கு விழா எடுத்த மறுநாள், நட்டநடுப் பகலில், ரைன் ஆற்றங்கரையில் எங்கள் குதிரைப்படைக் கோட்டைக்கு வெளியே நடந்தது.

என் அண்ணன் டிசாலா அக்கரைக்கு உளவு பார்க்கப் போனான். போகும்முன் தன் குதிரையின் மார்புப் பட்டையிலிருந்த அலங்காரங்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். வெள்ளி பூசிய வட்ட வில்லைகள், அவற்றின் கீழே ஆடும் பிறைகள். குதிரை ஓரடி வைத்தாலே கிண் கிண்ணென்று ஒலிக்கும். அதோடு போனால் எதிரியைக் கொம்பு ஊதி அழைத்த மாதிரிதான். ஒவ்வொரு வில்லையின் பின்புறமும் தன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருந்தான்.

குதிரை மட்டும் திரும்பி வந்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. தீனி வைத்தேன், சாணம் அள்ளினேன், காவலுக்கு நின்றேன். மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

என் அறையில் தங்கியிருந்த வீரன் முக்காப்போர்தான் பேச்சை எடுத்தான்.

"சடங்கைப் பண்ணிடுவோம்டா தார்சா. பொணம் கிடைக்கலேன்னா வெறுங்குழிதான். அவன் பேரு போட்ட வில்லைங்களை உள்ள வச்சிட்டு மூணு தடவை கூப்பிடணும். கூடப்பொறந்தவன் நீதான் கூப்பிடணும்."

"உசுரோட இருந்தா?"

"இருந்தா வந்திருக்க மாட்டானா? சோத்துக்குக் கொம்பு ஊதினா மொத ஆளா நிக்கிறவன்டா உங்கண்ணன்!"

உயிரோடிருப்பவனைக் குழிமுன் நின்று கூப்பிடக் கூடாது என்பார்கள். அவன் வந்துவிடுவான் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் மறுத்துப் பேசத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டேன்.

குழிக்குள் கம்பளித் துணி விரித்து வில்லைகளைப் படுக்க வைத்தேன். அவன் குதிரையைச் சேணம் பூட்டிப் பக்கத்தில் நிறுத்தினோம். காற்றே இல்லை.

"டிசாலா!"

ஆற்றுச் சத்தம் மட்டும். குதிரை காதை விடைத்தது.

"டிசாலா!"

கிண்...

குழிக்குள்ளிருந்துதான். எட்டிப் பார்த்தேன். வில்லைகள் வைத்தபடியே கிடந்தன. ஒரு பிறைகூட அசையவில்லை.

முக்காப்போரின் முகத்தில் ஈயாடவில்லை. "நிறுத்தாத... முடிச்சிடு."

"டிசாலா!"

கிண்... கிண்... கிண்...

குதிரை நடக்கும் தாளம்.

அப்போது குதிரையின் முதுகு தாழ்ந்தது. ஆள் ஏறி உட்கார்ந்தால் தாழுமே, அப்படி. சேணத்தின் தோல் கிறீச்சிட்டது.

சேணத்தில் யாருமில்லை.

"மண்ணைத் தள்ளுடா!"

தள்ளினேன். மண்ணுக்கடியில்... கிண்... கிண்...

நின்றது.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. செத்துப்போனவன் வந்து சொல்லிக்கொண்டு போயிருக்கிறான் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

பனி உருகிய பிறகு அக்கரைத் தோல் வியாபாரி கைசோ எங்கள் சந்தைக்கு வந்தான்.

"உங்க ஆளு ஒருத்தன் எங்க வீட்லதான் கெடந்தான். டிசாலான்னு பேரு. தொடையெலும்பு முறிஞ்சிருந்துச்சு. எங்கம்மா கட்டுப் போட்டா. நல்லாத் தேறிட்டான். கோல் ஊணி நடந்தான். படகு கெடைச்சா இங்க கொண்டாந்து விடலாம்னு இருந்தேன்."

அவன் தோளைப் பிடித்தேன். "இப்ப எங்க?"

"போயிட்டாம்பா. உங்க கோட்டையில எப்போனா விழாவுக்குக் கொம்பு ஊதுனீங்களே, அதுக்கு மறுநாள். நடுப்பகல். கூழ் குடிச்சிட்டிருந்தவன் 'இந்தா வர்றேன்'னான். கொஞ்ச நேரத்துல திரும்பவும் 'வர்றேன்'னான். மூணாவது தடவை எந்திரிச்சி, குதிரை ஏறுற மாதிரி காலைத் தூக்கினான். அப்படியே சாஞ்சிட்டான்."

கைசோ தோல் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்.

"ரெண்டாவது தடவை சொன்னப்பவே கேட்டேன், யாருப்பா கூப்பிடுறதுன்னு. சிரிச்சான். 'என் தம்பி'ன்னான்."