நாற்பது நிமிட நடை

இதை நம்பச் சொல்லி உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் நடந்தது.

இரவுக் காவலாளி கையில் வைத்துக்கொண்டு சுற்றும் சின்னப் பெட்டி அது. தொழிற்சாலைச் சுவர்களில் சட்டைப் பொத்தான் அளவில் ஆறு இரும்பு வில்லைகள். பெட்டியை வில்லையில் வைத்தால் ‘பீப்’. அந்த எண் பதிவாகும். எப்போது தொட்டார் என்பது மட்டும் பதிவாகாது. அதற்குக் கடிகாரச் சில்லு வேண்டும். ஏழு வருடம் முன்பு நான் இதைச் செய்தபோது, “அதெல்லாம் தண்டச் செலவு” என்று வெட்டியவர் மேனேஜர்.

அதே மேனேஜர் இப்போது கூப்பிட்டார். “நேர நிர்வாகம்தான் சார் நாகரிகம். வாட்ச்மேன் தூங்குறான். கடிகாரம் வைங்க. கையும் களவுமா பிடிச்சு அனுப்பிடறேன்.” சொல்லி முடிப்பதற்குள் மூன்று கொட்டாவி. சோதித்துப் பார்க்க ஏழாவதாக ஒரு வில்லையும் கொடுத்தார்.

வாசலில் காவலாளி வழிமறித்தார்.

“சார், அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவா ஓட விடுங்களேன். முட்டி தேஞ்சு போச்சு. இந்த வேலையும் போச்சுன்னா என்னை எவன் சேர்த்துப்பான்?”

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் ஏழாவது வில்லையை வாசல் நிலையின் வெளிப்பக்கம் ஒட்டினேன். கடிகாரச் சில்லைப் பெட்டிக்குள் பற்றவைத்தேன். தொட்டுப் பார்த்தேன். சரி. பழைய பதிவையெல்லாம் அழித்துவிட்டுப் பெட்டியின் பேட்டரிகளைக் கழற்றி இழுப்பறையில் போட்டேன். கடிகாரத்துக்கென்று காசு அளவில் தனி பேட்டரி உண்டு. அதில் விடியும்வரை நேரம் தவறாமல் ஓடுகிறதா என்பதுதான் சோதனை. நேரத்தைக் கணக்கு வைக்க அது போதும். திரை எரிய, சத்தம் போட... போதாது.

“கிடந்து முழிக்காம வந்து படுங்க” என்றாள் மனைவி. மேஜையிலேயே தூங்கிப்போனேன்.

பீப்.

திரை எரிந்தது. ‘1’. நேரம் 1.10.

இழுப்பறையைத் திறந்தேன். பேட்டரிகள் உள்ளேயே இருந்தன.

1.14. பீப். ‘2’.

1.18. ‘3’. 1.22. ‘4’.

யாரோ நடக்கிறார்கள். அங்கே, தொழிற்சாலையில்.

1.26... ஒன்றுமில்லை. 1.30... ஒன்றுமில்லை. பற்றவைத்ததில் ஏதோ கோளாறு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

1.33. பீப். ‘5’.

1.37. ‘6’.

திரை அணைந்தது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.17.

வாசலுக்கு வெளியே... இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

பீப்.

‘7’.

கதவைத் திறக்கவில்லை. அவ்வளவு வீரன் இல்லை நான்.

காலையில் பெட்டியைக் கொடுத்தேன். பதிவைப் பார்த்து மேனேஜர் மேஜையைத் தட்டினார். “பாத்தீங்களா! கடிகாரம்னு சொன்னதுமே ஒழுங்கா நடக்கிறான். இருந்துட்டுப் போகட்டும்.” பெட்டி இரவு முழுக்க என் வீட்டில் இருந்தது அவர் புத்திக்கு எட்டவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு முட்டி பிழைத்துப் போகட்டும்.

காவலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நேத்து நான் கேட்டை விட்டு நகரவே இல்ல சார்.”

“நாலுலேர்ந்து அஞ்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“எனக்கு நாலு நிமிஷம். நடுவுல மாடிப்படி. எனக்கு முன்னாடி இருந்தவருக்கு இழுப்பு நோய். படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறுவாரு. பத்துப் பதினொண்ணு ஆயிடும். ஒருநாள் உக்காந்தவரு... எழுந்திருக்கல. தூங்கிட்டாருன்னு எழுதி ஃபைலை மூடிட்டார் மேனேஜர்.”

அவரே தொடர்ந்தார்.

“உசுரோட இருக்கும்போதே அந்தப் பேச்சுதான் சார் அவருக்கு. தூங்குறான், தூங்குறான்னு. தூங்கலைன்னு காட்ட, பெட்டியில கடிகாரம் வைக்கச் சொல்லி உங்களையே நேர்ல கேக்கணும்னாரு. நான் அப்போ பகல் டூட்டி. உங்க வீட்டுக்கு நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“நாப்பது நிமிஷம்னேன்.”

வாசல் நிலையில் ஏழாவது வில்லை இன்னும் அப்படியே இருக்கிறது. பெயர்த்தெடுக்க எனக்குக் கை வரவில்லை.